தபாலிற் செல்வனவும் செல்லாதனவும்

தூதுப் பிரபந்தம் பாடிய நம் முன்னோர், தூது செல்லத் தக்கவை இவையென ஒரு வரையறை செய்து வைத்தனர். அன்னம், மயில், கிளி, முகில், பூவை, தோழி, குயில், நெஞ்சு, தென்றல், வண்டு எனப் பத்து. பின்வந்தோர் அவ்வரையறையை மதித்தாரல்லர். பணத்தைத் தூதுவிட்டார் ஒருவர். புகையிலையை விட்டார் இன்னொருவர். தமிழையே தூதுவிட்டாரும் உளர். யார் செல்லலாம் என்பதே அக்காலத்து வினா. எதைக் கொண்டு செல்லலாம் என்பது ஒரு வினாவாகவே எழவில்லை. தலைவன் மார்பின் மாலையை வாங்கி வருக என்பதோடு பொதியின் கதை முடிந்துவிடும்.

இக்காலம் அவ்வினாவைத் தலைகீழாக்கிவிட்டது. செல்பவர் தபாற்காரர் ஒருவரே. அவருடைய பையினுள் எவை இருக்கலாம், எவை இருத்தலாகாது, இருக்கலாமாயின் எவ்வளவு நிறைக்கு, எவ்வளவு கட்டணத்துக்கு என்பனவே இன்றைய விதிகள். இவற்றை இலக்கியப் பக்கத்தில் வைத்து ஆராய்தல் பொருந்துமோ என ஐயுறுவார் உளராயின், அவருக்கு யான் கூறுவது இது. நாம் படித்த நூல்களுட் பல அச்சகத்திலிருந்து நம் கைக்கு வந்த வழி தபால் வழியே. கையெழுத்துப் பிரதி பத்திராதிபருக்குச் சென்றதும், அச்சுப்படி திருத்தத்துக்குத் திரும்பியதும், சந்தாதாரருக்குச் சஞ்சிகை போய்ச் சேர்ந்ததும் அவ்வழியே. யாப்பருங்கலம் செய்யுளுக்கு எப்படியோ, அப்படியே தபால் விதி நூலுக்கு. அதனை அறியாது செல்வோர் தளைதட்டி நிற்பர்.

முதலில் வரலாற்றைச் சிறிது பார்ப்போம். இலங்கையின் முதல் தபால் முத்திரை 1857ஆம் ஆண்டில் வெளிவந்தது. 1874ஆம் ஆண்டு ஒக்டோபர் 9ஆந் திகதி சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரிலே 22 நாடுகள் கூடி ஓர் உடன்படிக்கை செய்தன. இன்று உலக அஞ்சல் ஒன்றியம் என வழங்குவது அதிற் பிறந்ததே. இலங்கை 1877இல் அதனுட் சேர்ந்தது. 1908ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தபாற் கந்தோர்க் கட்டளைச் சட்டம் உள்நாட்டுக்கு அடிப்படையாயிற்று. ஆகவே நம் விதிகளுக்கு இரு தாயர்: ஒன்று பேர்ண், மற்றொன்று கொழும்பு. (‘அஞ்சல்’ நல்ல தமிழ், ‘தபால்’ திசைச்சொல் என்று என் மாணாக்கர் திருத்துவர். ஊரார் ‘தபால்’ என்றே வழங்குகின்றனர். யான் இரண்டையும் வழங்குவேன். திசைச்சொல்லுக்கும் இலக்கணம் இடங் கொடுத்துள்ளது.)

ஒன்றியத்தின் விலக்குப் பட்டியல் பெரும்பாலும் நாம் ஊகிக்கக்கூடியதே. வெடிக்கும் பொருள், தீப்பற்றும் பொருள், நச்சுப் பொருள், போதைவஸ்து, போலிச் சரக்கு என்பன ஆகா. நாணயமும் பணத்தாளும் பொன்னும் மணியும் காப்புறுதி செய்யப்படாத உறையிற் செல்லலாகா. கையாளும் உத்தியோகத்தருக்கோ பிறர் பொதிக்கோ ஊறு செய்வன எவையும் ஆகா. உயிருள்ள பிராணிகளும் ஆகா. இவ்விடத்தேதான் விதி புன்முறுவல் செய்கின்றது. உயிருள்ளன ஆகா எனக் கூறிய அவ்வுடன்படிக்கையே, தேனீயும் அட்டையும் பட்டுப்பூச்சியும் நீங்கலாக என்கின்றது. பயிரை அழிக்கும் பூச்சிகளை உண்ணும் பூச்சிகளை, அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் தம்முள் அனுப்பிக்கொள்ளலாம். மருத்துவ ஆராய்ச்சிக்குப் பயன்படும் பழ ஈயும் செல்லலாம். இராணித் தேனீயைச் சிறு கூட்டில் அடைத்து, அதற்கு ஏவல் செய்யும் சில தேனீக்களையும், வழியில் உண்ணச் சர்க்கரைப் பாகாலான உணவையும் உடன் வைத்து அனுப்புவர். மன்னர் மகளை மணவூருக்கு அனுப்பும் முறை இதனின் வேறன்று.

இவ்விலக்கும் புறநடையும் அமைந்த முறை இலக்கணம் கற்றார்க்குப் புதிதன்று. பொதுவிதி கூறி, அதன் வழுவமைதி கூறி, அவ்வமைதிக்கும் ஒரு வரம்பு கட்டுதல் நம் நூலோர் வழக்கு. விதி சொல்லாதவிடத்து மக்கள் என் செய்வர் என்பதற்கு அமெரிக்கா நல்ல சான்று. அங்கே 1913ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி பொதித் தபால் தொடங்கிற்று. குழந்தையை அனுப்பலாகாது என்று விதியில் இல்லையென்று கண்ட சில பெற்றோர், முத்திரை ஒட்டிக் குழந்தையைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பினர். 1914இல் ஐடகோ மாநிலத்திலே ஆறு வயது நிரம்பாத ஒரு சிறுமி, மேற்சட்டையில் 53 சதத்து முத்திரையுடன், புகைவண்டித் தபாற்பெட்டியிற் பயணஞ் செய்தாள். 1916இல் யூற்றா மாநிலத்திலே ஒரு வங்கிக் கட்டடத்துக்கு வேண்டிய செங்கற்கள் தபாற்பொதிகளாக வந்திறங்கின. சரக்குக் கூலியிலும் தபாற் கூலி மலிவு. அதன்மேல், ஒருவர் ஒருவருக்கு ஒருநாளில் அனுப்பத்தக்க நிறைக்கு எல்லை வகுத்தனர். குழந்தைகளுக்கும் 1920இல் வாயில் அடைபட்டது. நகைக்கத் தக்கவையாயினும் இவற்றால் ஒன்று புலனாகும். இவ்வகை விதி ஒவ்வொன்றின் பின்னும் ஒரு மெய்யான இடுக்கண் உண்டு: ஒரு பையின் கொள்ளளவு, ஒரு தொழிலாளியின் முதுகு, ஒரு குழந்தையின் உயிர்.

இத்தகைய விலக்குகளை யான் சுமப்போனைக் காக்கும் விலக்கு என்பேன். இவற்றோடு எனக்குப் பிணக்கு இல்லை. இன்று கைத்தொலைபேசியின் இலிதியம் மின்கலத்தைத் தனியே விமானத் தபாலில் இடலாகாது என்கின்றனர். வானத்திலே தீப்பற்றுமாயின் அணைப்பது அரிது. காரணம் தெரிகின்றது, கீழ்ப்படிகின்றோம். ஆனால் மின்கலம் என்ற சொல் வடபகுதியில் வாழ்ந்தாருக்கு வேறொன்றை நினைவூட்டும். 1990ஆம் ஆண்டின் பின்னர், வடக்கிற்குக் கொண்டுசெல்லலாகாது எனத் தடுக்கப்பட்ட பொருள்களின் பட்டியலிலே எரிபொருளோடும் சீமெந்தோடும் உரத்தோடும் மின்கலமும் இருந்தது. துவிச்சக்கர வண்டியின் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட தலைமுறை அது. கடிதங்களோ கப்பலேறி, வாரமும் மாதமும் கடந்து வந்தன. ஒரே பொருளை இரு பட்டியல்கள் விலக்குகின்றன. ஒன்று பயணியைக் காக்க, மற்றொன்று ஒரு பிரதேசத்தை முடக்க. பட்டியலைப் பார்த்த மாத்திரத்தில் இவ்வேறுபாடு தோன்றாது. யார் பொருட்டு விலக்கினர் என வினவினாலே தோன்றும்.

இனி, சுமப்போனை விட்டுப் படிப்போனைக் காப்பதாகச் சொல்லிக்கொள்ளும் விலக்கு உண்டு. இலக்கிய வாசகர் கூர்ந்து நோக்கவேண்டியது இதனையே. அமெரிக்காவிலே 1873இல் இயற்றப்பட்ட கொம்ஸ்ரொக் சட்டம், ஆபாசமெனக் கருதப்படுவன தபாலிற் செல்லலாகா என்றது. எது ஆபாசம் எனத் துணிவார் யார்? முதற்கண் துணிந்தவர் தபாலதிகாரியே. 1890இல் தோல்ஸ்தோயின் ‘குரோய்சர் சொனாற்றா’வைத் தொடராக வெளியிட்ட பத்திரிகைகளுக்கு அந்நாட்டுத் தபாலிலே இடமில்லை என்றாயிற்று. 1918 முதல் யேம்ஸ் யோய்சின் ‘யுலிசெஸ்’ நாவலைப் பகுதி பகுதியாக வெளியிட்ட ஒரு சிறு சஞ்சிகையின் பல இதழ்களைத் தபாற் பகுதியினர் கைப்பற்றி அழித்தனர். அதனை வெளியிட்ட பெண்மணியர் இருவரும் 1921இல் நீதிமன்றிலே குற்றவாளிகளாயினர். அதே நாவலை 1933இல் இன்னொரு நீதிபதி குற்றமற்றதென விடுவித்தார். 1959இலும் லோறன்சின் ‘சற்றர்லிப் பெருமாட்டியின் காதலன்’ தபாலிற் செல்லலாகாது எனத் தபாலதிபதி நாயகம் தீர்ப்புச் சொல்ல, அவ்வாண்டு யூலையில் நீதிமன்றம் அதனைத் தள்ளிற்று. அந்நாவல்கள் அனைத்தையும் யான் மெச்சுபவனல்லன்; என் சுவை பழைய சுவை. ஆயினும் முத்திரை குத்துபவர் மதிப்புரையும் எழுதத் தொடங்கினால் இரு தொழிலுங் கெடும்.

அந்நிய நாட்டுக் கதை நமக்கெதற்கு என்பார், நம் பாரதியாரின் கதையை நினைக்கட்டும். 1908இல் அவர் சென்னையை விட்டுப் புதுச்சேரி சேர்ந்தார். ‘இந்தியா’ வாரப் பத்திரிகையும் அங்கே சென்று வெளிவரலாயிற்று. புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தமையின், ஆங்கில அரசு அச்சகத்தைப் பூட்டவோ ஆசிரியரைச் சிறையிடவோ இயலாதாயிற்று. ஆனால் பத்திரிகையின் வாசகர் இருந்தது எங்கே? பெரும்பாலும் ஆங்கில ஆட்சிக்குட்பட்ட தமிழகத்திலே. பத்திரிகை அவர்பாற் செல்ல வேண்டிய வழி தபால் ஒன்றே. பேனாவைப் பிடிக்க இயலாதவர் தபாற்பையைப் பிடித்தனர். பிரித்தானிய இந்தியாவினுள் அப்பத்திரிகை வருதல் தடைசெய்யப்பட்டது. 1910ஆம் ஆண்டில் ‘இந்தியா’ நின்றது. அதே ஆண்டில் வந்த இந்திய அச்சகச் சட்டம், ஐயத்துக்குரிய நூலோ பத்திரிகையோ அடங்கிய பொதியெனத் தோன்றுமாயின் அதனைத் தடுத்துவைக்கத் தபாற் கந்தோர் அலுவலருக்கும் அதிகாரம் அளித்தது. 1911இல் அவருடைய ‘கனவு’, ‘ஆறிலொரு பங்கு’ என்னும் இரண்டும் தடைக்குள்ளாயின.

பத்திரிகையின் உயிர் அச்சுக்கூடத்தில் இல்லை. வாசகன் வீட்டு வாயிலில் இருக்கின்றது. கவிஞன் உயிரோடிருக்கிறான், அவன் எழுதுகிறான், அச்சு ஓடுகின்றது. ஆனாற் பத்திரிகை இறந்துவிட்டது. ஒருவரையும் கைது செய்யாமல், ஒரு நீதிமன்றத்தையும் கூட்டாமல், ஒரு பையின் வாயைக் கட்டிச் செய்த கொலை அது. இவ்விதிகளை அற்பமென எண்ணுவார்க்கு இதனினும் வலிய விடை எனக்குத் தெரியாது.

நம் நாட்டிலும் கட்டுப்பாடு வந்ததுண்டு. 1970களின் முற்பகுதியிலே தென்னிந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதியை அரசு கட்டுப்படுத்திற்று. அதனால் ஈழத்துச் சஞ்சிகைகள் மூச்சுவிட இடம் பெற்றன, ஈழத்து எழுத்தாளர் தம் வாசகரைக் கண்டனர் என வாதிப்பார் நம்மிடையே பலர். அவர் கூற்றில் உண்மையில்லை என யான் கூறேன். ஆயிரக்கணக்கிற் குவிந்த வணிக இதழ்களின் நடுவே நம்மவர் சிறு சஞ்சிகை ஒன்று நின்று விலைபோவது அரிதே. ஆயின் வாயில் அடைபடும்போது குப்பை மட்டும் வெளியே நிற்பதில்லை. ஆராய்ச்சி நூலைத் தேடிய ஆசிரியனும் புதிய பதிப்பை நாடிய மாணவனும் அதே வாயிலிலே காத்து நின்றனர். நன்மை விளைந்ததென்பதனால் வழி நல்லதாயிற்று என்று கொள்ளல் ஆகாது.

விலக்கை விட்டுக் கட்டணத்துக்கு வருவோம். ஏனெனின் செல்லலாம் எனச் சொல்லிக் கட்டணத்தை உயர்த்துதலும் ஒருவகை விலக்கே. தபால் விதியின் பழைய பெரும் பிரிவு, கடிதம் என்றும் அச்சுப் பொருள் என்றும் இரண்டு. கடிதம் மூடியது, ஒருவருக்கே உரியது, ஆகவே கட்டணம் மிகுதி. அச்சுப் பொருள் பலருக்கும் பொதுவானது, அறிவைப் பரப்புவது, ஆகவே கட்டணம் குறைவு. இதனாலேதான் புத்தகக் கட்டின் இரு முனையும் திறந்திருக்கவேண்டும், அலுவலர் பிரித்துப் பார்த்து மீண்டுங் கட்டத்தக்கதாகக் கயிற்றாற் கட்டியிருக்கவேண்டும் என்றனர். மலிவு உள்ளவிடத்தில் உபாயமும் உண்டு. 1840இல் ஒரு பென்சித் தபால் வருமுன், இங்கிலாந்திலே கடிதக் கட்டணம் ஏழைக்கு எட்டாது. பத்திரிகையோ தபாலில் இலவசமாய்ச் சென்றது. ஆகவே பழைய பத்திரிகை ஒன்றை எடுத்து, வேண்டிய எழுத்துகளின் கீழே ஊசியாற் குத்திச் செய்தியை அமைத்து அனுப்பினர். பெற்றவர் அதனை வெளிச்சத்திற் பிடித்துப் படித்தார். ஊசியே எழுத்தாணியாயிற்று.

இத்தகைய உபாயங்களை அடக்கவே, அச்சுப் பொருளில் எவ்வளவு கையால் எழுதலாம் என்று பின்னர் நுணுக்கமாக வகுத்தனர். இருபதாம் நூற்றாண்டில் நெடுங்காலம் வழங்கிய ஒன்றிய விதி ஒன்று எனக்கு மிகவும் பிரியமானது. நத்தார், புத்தாண்டு முதலிய வாழ்த்து அட்டைகள் அச்சுப் பொருட் கட்டணத்திற் செல்லலாம். அவற்றில் வாழ்த்தோ நன்றியோ அனுதாபமோ கையால் எழுதலாம். ஆனால் அது ஐந்து சொல்லுக்கு மேற்படலாகாது. நம்மவர் பொங்கல் வாழ்த்தை உறையை ஒட்டாது மடித்துச் செருகி அனுப்பியதும் இம்மரபு பற்றியே.

ஐந்து சொல்! இவ்விதியை வகுத்தவர் பிரெஞ்சு மொழியை மனத்திற் கொண்டு வகுத்தார். தமிழிலே சொல் என்பது யாது? ஆங்கிலத்தில் நான்கு சொல்லாற் கூறுவதை நாம் ‘வரமாட்டேன்’ என ஒன்றாற் கூறுவோம். வினைமுற்றினுள்ளே எழுவாயும் காலமும் எதிர்மறையும் அடங்கிக் கிடக்கின்றன. நன்னூலார் ஒருமொழி, தொடர்மொழி, பொதுமொழி என மூவகை வகுத்தார். இவற்றுள் எதனைத் தபாலதிபர் ஒன்றென எண்ணுவார்? ‘எட்டு’ என்பது ஓர் எண்ணாயின் ஒருமொழி. ‘எள்+து’ எனப் பிரிந்து எள்ளை உண் என நிற்குமாயின் தொடர்மொழி. ஓரெழுத்துங் கூடாமல் கட்டணம் இரட்டிக்குமோ? இனிப் புணர்ச்சியோ தபாற் பகுதியின் வருவாய்க்குப் பெரும் பகை. ‘யாவரும் நலமே உளோம் அஞ்சற்க’ என்பது இடைவெளி விட்டெழுதினால் நான்கு சொல். பண்டை ஏட்டு வழக்கிற் சேர்த்தெழுதினால் ‘யாவருநலமேயுளோமஞ்சற்க’ என ஒரே கொடி. ஐந்து கொடி எழுதலாமாயின் குடும்பச் செய்தி முழுவதும் அடங்கும். வகுப்பிலே இவ்வினாவை விடுத்தபோது, ஒரு மாணவன் பசுமாடு கன்றீன்ற செய்தி முதற் பரீட்சைப் பெறுபேறு வரை நான்கு கொடியில் முடித்து, ஐந்தாவதைக் கையொப்பத்துக்கு மிச்சம் வைத்தான். சந்தி இலக்கணம் எதற்குப் பயன்படும் என்று கேட்போர்க்கு விடையாக அதனை வைத்திருக்கின்றேன்.

மாதவி கடிதம் எழுதியபோது இத்தகைய தடை இருந்திலது. முதலில் தாழை மடலில் எழுதியனுப்பியதைக் கோவலன் ஏற்க மறுத்தான். பெறுநர் மறுப்பின் அனுப்புநருக்கே திரும்பும் என்னும் விதி அன்றே நடைமுறையில் இருந்தது போலும். கோசிகமாணி கொணர்ந்த இரண்டாவது ஓலையை அவன் படித்து, அதன் வாசகம் தன் பெற்றோர்க்கும் பொருந்துவது கண்டு, அதனையே அவர்க்குச் செலுத்தினான். ஒரே ஓலை, இரு விலாசம். மேற்படி கட்டணம் யார் செலுத்தினார் என்பதை இளங்கோவடிகள் கூறவில்லை.

ஆசிரியனாகிய எனக்கு நெருங்கிய விதி இன்னொன்று உண்டு. எழுத்துப் பிரதியாயினும் அச்சுப் பொருளோடொப்பக் கருதத் தக்கவை எனச் சிலவற்றை ஒன்றியத்தின் விதிகள் தழுவின: நூலின் அல்லது பத்திரிகைக் கட்டுரையின் கையெழுத்துப் பிரதி, கையால் எழுதிய இசைக் குறிப்பு, பாடசாலை அதிபர் வழியாக மாணவர் தம்முள் எழுதும் கடிதம், மாணவரின் பயிற்சித் தாள். இப்பயிற்சித் தாளில் ஆசிரியர் திருத்தமும் இருக்கலாம். ஆனால் அவ்வேலையோடு நேரே தொடர்பில்லாத குறிப்பு எதுவும் இருத்தலாகாது. ‘வல்லினம் மிகும், கவனி’ என எழுதினால் மலிவுக் கட்டணம். ‘தாயார் சுகமா?’ என எழுதினாற் கடிதம். ‘தகப்பனாரை வரச் சொல்’ என்பது எவ்வகையிற் சேரும் என்பது ஆராயத் தக்கது. பரிகாசத்தை ஒதுக்கிப் பார்த்தால் இவ்விதியின் பெருந்தன்மை விளங்கும். எங்கோ ஒரு மூலையிலிருக்கும் பிள்ளை, தான் எழுதிய கட்டுரையைத் திருத்துவித்துப் பெறுவதும் நூலை வாங்கிப் படிப்பதும் ஒரே தன்மையன எனப் பல நாட்டார் கூடியிருந்து ஒப்புக்கொண்டனர். புத்தகத்தின் முதற்பக்கத்தில் ஆசிரியர் அன்பளிப்பு வாசகம் எழுதலாம் என்பதும் அவர் ஒப்புக்கொண்டதே. எனினும் சில ஆண்டுகளின் முன் ஒரு தபாற் கந்தோரிலே, யான் ஒரு மாணவிக்கு அனுப்பிய நூலில் ‘அன்புடன்’ என ஒரு சொல் இருந்தமையின் அது கடிதம் என வாதிக்கப்பட்டது. ஐந்து சொல் வரை பொறுத்த உலகம், ஒரு சொல்லைப் பொறுக்கவில்லை. விதி கடுமையானதன்று, விதியை அறிந்தவர் அன்று அங்கே இல்லை.

இவ்விதிகள் அனைத்துள்ளும் உயர்ந்தது பார்வையற்றோர்க்கான தபால் பற்றியது. புடைப்பெழுத்து நூல் அளவிற் பெரியது, நிறையில் மிக்கது. நாம் கைக்குள் அடக்கும் நூல் அங்கே பல பாகமாய் விரியும். நிறைக்கு விலை கூறுவதாயின் அவரே மிகுதியாகச் செலுத்தவேண்டும். உடன்படிக்கையோ 7 கிலோ வரை, விமான மேலதிகக் கட்டணம் நீங்கலாக, ஒரு சதமும் வாங்கலாகாது என்கின்றது. போர்க் கைதிகளின் தபாலுக்கும் அத்தகைய விலக்கு உண்டு. தபால் என்பது வணிகம், வரவுக்கு மேற் செலவு ஆகாது என இன்று பேசுவோர் இவ்விரண்டையும் எவ்வாறு விளக்குவர்? ஒருவனுக்கு எழுத்துச் சென்று சேர்தல் அவன் உரிமை என்பதை ஏற்றாலன்றி விளக்க இயலாது. அவ்வுரிமை பார்வையற்றோர்க்கும் சிறைப்பட்டோர்க்கும் உண்டெனின், தோட்டத்துப் பாடசாலையிலும் வன்னிக் கிராமத்திலும் இருக்கும் பிள்ளைக்கு இல்லையோ?

அயலிலே அண்மையில் நடந்தது நமக்கு ஒரு பாடமாகும். இந்தியாவிலே பதிவு செய்த புத்தகங்களை மிகக் குறைந்த கட்டணத்தில் ஏற்ற வகுப்பு 2024ஆம் ஆண்டு திசெம்பரிலே முன்னறிவித்தலின்றி நிறுத்தப்பட்டது. சிறு பதிப்பாளர் மறுநாட் காலை தபால் நிலையத்துக்குச் சென்றபோதே அறிந்தனர். நூலின் விலையைத் தபாற் கூலி எட்டிப்பிடிக்கும் நிலை வரவே கண்டனம் எழுந்தது. பின்னர் 2025ஆம் ஆண்டு மே முதலாந் திகதி ‘ஞான் போஸ்ற்’ எனப் புதிய வகுப்பு வந்தது: 300 கிராமுக்கு இந்திய நாணயம் 20 ரூபாய்; 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி வேறு. விளம்பரமோ வணிகச் சரக்கோ ஆகாது. அச்சிட்டோர் அல்லது பதிப்பித்தோர் பெயர் நூலிற் பொறித்திருத்தல் வேண்டும். இழந்ததை முற்றும் மீட்டனர் என்னேன். நூலுக்கெனத் தனி வகுப்பு வேண்டும் என்னும் கொள்கையை மீட்டனர், அது சிறிதன்று.

நம் நாட்டிலே 2022ஆம் ஆண்டு ஓகத்து நடுப்பகுதியில், சாதாரண கடிதத்தின் குறைந்த கட்டணம் 15 ரூபாயிலிருந்து 50 ரூபாயாயிற்று. அவ்வாண்டு எப்பொருள் ஏறவில்லை? தபால் மட்டும் நிற்கவேண்டும் என யான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் சஞ்சிகை நடத்துவோரைச் சிறிது எண்ணுக. ‘மல்லிகை’ 1966 முதல் 2012 வரை நடந்தது. அதுபோன்ற சிறு சஞ்சிகைகளுக்குச் செய்திப்பத்திரிகையாகப் பதிவு செய்து பெறும் கட்டணச் சலுகை ஓர் ஊன்றுகோல். அப்பதிவைக் குறிக்கும் ஒரு வரி அட்டையில் இருக்கும். வாசகர் எவரும் அதனைப் படித்திரார். கதையும் கவிதையும் கட்டுரையும் அந்த வரியைப் பிடித்துக்கொண்டே ஊர் ஊராய்ச் சென்றன.

இனிக் கடிதம் எழுதுவார் யார், எல்லாம் கைத்தொலைபேசியில் வந்துவிட்டதே என்பர். மெய்தான். டென்மார்க்கிலே 1624இல் தொடங்கிய அரச தபால் 2025ஆம் ஆண்டின் இறுதியோடு கடித விநியோகத்தை விட்டுவிட்டது. நம்மவர் 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிமத் திட்டத்தால் ஈழத்து நூல்களும் பழைய பத்திரிகைகளும் திரையிலே கிடைக்கின்றன. அதற்கு யான் கடப்பாடுடையேன், வகுப்புக்கு நாள்தோறும் பயன்படுத்துகின்றேன். ஆயின் புதிதாய் அச்சேறிய நூல் திரையில் உடனே வாராது. வந்தால் அதன் ஆசிரியருக்கு அடுத்த நூலுக்குப் பணம் வாராது. ஒன்பது வயதுப் பிள்ளை தன் பெயரெழுதி வைத்துக்கொள்ளும் புத்தகம் திரையில் இல்லை. தனியார் பொதிச் சேவையினர் பட்டணத்திற்கு விரைந்து செல்வர். மலையடிவாரத்துக்கு அழைத்தால் ஆதாயக் கணக்குப் பார்ப்பர். உப தபாலகத்தார் அக்கணக்குப் பார்ப்பதில்லை. அவர் கையிலேதான் இன்னும் நாம் இருக்கின்றோம்.

ஆகையாற் கேட்பன சில. உள்நாட்டில் நூலும் பதிவு பெற்ற சஞ்சிகையும் செல்லும் கட்டணத்தைக் கடிதக் கட்டணத்தோடு கட்டி இழுக்காது, நிறையளவில் தனியே நிறுத்துக. அதனை மாற்றுவதாயின் மூன்று மாதத்துக்கு முன்னர்ப் பத்திரிகைகளிலே மும்மொழியிலும் அறிவிக்குக. பாடசாலை நூலகத்துக்கு எவர் அனுப்பும் நூலாயினும் அதிபர் பெயருக்கு வரின் மேலும் குறைந்த வகுப்பில் ஏற்குக. மாணவர் பயிற்சித் தாளுக்கு வாயில் திறந்த உலகம் இதற்கு மறுக்காது. செல்வன இவை, செல்லாதன இவை, கையால் இவ்வளவு எழுதலாம் என ஒரு தாளில் நல்ல தமிழில் அச்சிட்டு, ஒவ்வோர் உப தபாலகத்தின் சுவரிலும் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் ஒட்டுக. அத்தாளைத் தமிழாக்கப் பண்டிதர் எவரையும் தேடவேண்டா. நம் கல்லூரி மாணாக்கர் கூலியின்றிச் செய்து தருவர். எத்தனை சொல்லென்று மட்டும் முன்னரே சொல்லிவிடுக, சேர்த்தெழுதிவிடுவார்கள்.